போலே

என் பெயர் தாமரை, தந்தை பெயர் கார்த்திகேசு, வயது முப்பத்து நான்கு, செந்தூல் அடுக்குமாடி வீட்டில் கணவர் வாசுவுடன் வசிக்கிறேன். ஆற்றில் இறந்த யுகேந்திரன் என் ஒரே தம்பி. காவல் அதிகாரி முன் நான் தமிழில் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் எழுதிக்கொள்கிறார்.

கோல குபு பாரு பக்கத்து மலையாற்றில் படகு விடும் பயணத்தை என் கணவர்தான் திட்டமிட்டார். யார் முன்னால் உட்காருவது, யார் எந்தப் பக்கம் துடுப்பு போடுவது என்பதெல்லாம் எங்கள் சாப்பாட்டு மேசையில் முடிவானது. காற்றடைக்கும் படகை வாடகைக்கு எடுத்தார்; அந்த ஆறு தெரிந்த தவசீலன் என்பவரை வழிகாட்டியாகப் பேசினார். என் தம்பி மச்சான் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவன். புதுத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு தோசை சாப்பிட்டான். அவனுக்கு நீச்சல் தெரியாது என்பது என் கணவருக்குத் தெரியும்.

அன்று காலை காரில் போகும்போது தவசீலன் அழைத்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது, தம்பி பின்னால் தூங்கிக்கொண்டிருந்தான். "மேல நல்ல மழை பாஸ், இன்னிக்கு நான் போலே" என்றார். போகவில்லை என்பதைத்தான் அப்படிச் சொன்னார். என் கணவர் பதில் சொல்லிவிட்டு வைத்தார். அதன் பிறகு, வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று நான் சொல்ல, "சும்மா வா லா, லீவு போட்டு வந்திருக்கோம்" என்று அவர் எரிந்து விழுந்தார்.

அதன் பிறகு ஆற்றங்கரைக்குப் போனோம், தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கி ஓடியது, தவசீலன் அங்கே இல்லை. அவர் வரமாட்டார், இறங்காதே என்று தம்பியிடம் சொன்னேன். அவன் மச்சான் முகத்தைப் பார்த்தான். "அவரு பின்னாடி வருவாரு, நீ ஏறுடா" என்றார் என் கணவர். அதன் பிறகு இருவரும் படகில் ஏறினார்கள், முதல் பாறையிலேயே படகு கவிழ்ந்தது, என் கணவர் நீந்திக் கரையேறினார். தம்பியை மாலையில் பாலத்துக்குக் கீழே எடுத்தார்கள்.

இப்போது என் கணவர், தவசீலன் மலாயில் "போலே", அதாவது முடியும் என்று சொன்னதாகச் சொல்கிறார். நானும் அப்படியே சொல்ல வேண்டுமாம். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். அந்த ஓணான் நானில்லை.

அந்தச் சொல்லின் முதல் ஒலி எப்படி இருந்தது என்று அதிகாரி கேட்டார். மலாய்ச் சொல்லில் 'பஸ்' என்பதன் முதல் ஒலி, தமிழ்ச் சொல்லில் 'பல்' என்பதன் முதல் ஒலி, ஆனால் தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான் என்றார் மொழிபெயர்ப்பாளர். எழுத்து எதற்கு? தவசீலனுக்கு என் கணவர் கொடுத்த பதிலை எழுதிக்கொள்ளுங்கள்: "பரவால்ல அண்ணே, அப்ப நாங்களே பாத்துக்கறோம்."

எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். நான் கண்டதும் என் காதால் கேட்டதும் இவையே, யாவும் உண்மை.

ஒப்பம்: கா. தாமரை