இடக்கையர் தினத்தில் இழுத்த கோடு

மைக்கைக் கொடுத்தால் இவள் லேசில் விடமாட்டாள் என்று தெரிந்தும் தைரியமாகத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் கட்டிங் மாஸ்டர் அவர்களே! வரவேற்புரையை இரண்டே நிமிடத்தில் முடித்து எங்கள் வயிற்றில் பாலை வார்த்த மேலாளர் அம்மா அவர்களே! வயதில் மூத்தும் வாய்ச்சொல்லில் இன்னும் இளமை மாறாத பெரியோர்களே! ஒரு கையில் பிள்ளையை இடுக்கிக்கொண்டு மறு கையால் உலகத்தையே புரட்டிப் போடும் தாய்மார்களே! ஊசிமுனையில் நின்று உழைக்கும் தையல் பிரிவுத் தோழர்களே! பேக்கிங் பிரிவிலிருந்து வந்து முன்வரிசையை மொத்தமாக வளைத்துப் போட்டிருக்கும் என் சொந்தப் படையே! உங்கள் அனைவரையும் இரு கரம் கூப்பி வணங்குகிறேன். இந்த வணக்கம் ஒன்றில்தானே வலதும் இடதும் சரிசமம்!

இன்று ஆகஸ்ட் பதின்மூன்று. உலக இடக்கையர் தினம்!

"இதுக்கெல்லாமா ஒரு நாளு?" பின்னால் ஒரு குரல். கேட்டது ஐயா, நன்றாகவே கேட்டது! ஏன் இருக்கக் கூடாது? தூங்குவதற்கு ஒரு நாள் இருக்கிறது. சிட்டுக்குருவிக்கு ஒரு நாள் இருக்கிறது. கழிப்பறைக்கு ஒரு நாள், நவம்பர் பத்தொன்பது. சிரிக்காதீர்கள்! கழிப்பறை இல்லாமல் மற்ற நாட்களை ஓட்டிப் பாருங்கள், அப்புறம் தெரியும். பத்துப் பேரில் ஒருவருக்கு இடக்கைப் பழக்கம் என்கிறார்கள். அந்த ஒருவருக்கு ஆண்டில் ஒரு நாள் ஆகாதா?

இவ்வளவு வாய் பேசுகிறேனே, ஏழு ஆண்டுகளுக்கு முன்னால், இதே தேதியில், இதே தொழிற்சாலையில், இந்த நாளைச் சொல்லிச் சிரித்த முதல் ஆள் யார் தெரியுமா? நான்தான்! குற்றவாளி மேடையேறி வாக்குமூலம் கொடுக்கிறாள், கேளுங்கள்.

அந்த ஆண்டு என் தம்பி, கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகிவிட்டான். அவன் மனைவியை நான்தான் இங்கே வேலைக்கு அழைத்து வந்தேன். மாதிரிச் சட்டைகளுக்குத் துணி வெட்டும் பிரிவு. கைவேலைக்காரி. துணியைத் தொட்டுப் பார்த்தே துவைத்தால் சுருங்குமா, சாயம் போகுமா என்று சொல்லிவிடுவாள். ஆனால் அவளுக்கு இடக்கை. அந்தக் கையில் கத்தரிக்கோல் எடுத்தாள். அது துணியை வெட்டவில்லை, மென்றது! இரண்டாம் நாளே பெயரும் வைத்துவிட்டார்கள்: பீச்சாங்கை.

வீட்டில் நானும் விட்டேனா? "ஊரே ஒரு கையால வெட்டுது. உனக்கு மட்டும் என்ன இடக்கு? சோத்தாங்கையில பழகேன்" என்றேன்.

"பழகுறேன் அண்ணி" என்றாள். பழகினாள். கட்டைவிரலில் கொப்புளம் வந்தது, கோடு வரவில்லை. ஒன்பதாம் நாள், புதன்கிழமை, மாஸ்டர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேம்மா. அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல."

மறுநாள்தான் ஆகஸ்ட் பதின்மூன்று. தேநீர் இடைவேளை. நாளிதழின் ஓரத்தில் ஒரு துணுக்கு என் கண்ணில் பட்டது. பட்டால் சும்மா இருப்பேனா? நாற்காலி மேல் ஏறி நின்றேன். "கேட்டுக்குங்கப்பா! இன்னிக்கு நம்ம பீச்சாங்கைக்குத் திருநாளாம்!" என்று கத்தினேன். கூரை அதிர்ந்தது. சொந்த நாத்தனாரே சொன்ன பிறகு மற்றவர்கள் சிரிக்க என்ன தடை?

அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். எழுந்தாள்.

"சிரிங்க. நல்லா சிரிங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை, உங்களுக்குப் பழக்கமில்லாத கையால ஒரு கோடு இழுத்துக் காட்டிட்டுச் சிரிங்க" என்றாள்.

வந்ததே வேகம் எங்களுக்கு! கழிவுத் துணியை மேசையில் விரித்தோம். எங்கே கோடு போடும் சாக்பீஸ்? எங்கே ஆள்? வரிசை கட்டி நின்றோம். மெஷின் மெக்கானிக் இழுத்த கோடு பாம்பாய் நெளிந்தது. பொத்தான் பிரிவு அக்கா இழுத்தது பாதியிலேயே படுத்துவிட்டது. என் கோடா? அதை விடுங்கள்! வழி தெரியாத எறும்பு போன தடம்கூட அதைவிட நேராக இருக்கும்.

"மாஸ்டர்! மாஸ்டர்!" என்று கூட்டம் கத்தியது. "போய் வேலையப் பாருங்கப்பா" என்றார். விடுவோமா? மூன்றாவது தடவை கேட்டபோது வந்தார். இதையெல்லாம் சொல்ல அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன், பயப்படாதீர்கள். சாக்பீஸை இடது கையில் வாங்கினார். ஸ்கேல் இல்லை. மேசையின் அந்த முனையிலிருந்து இந்த முனை வரை, ஒரே இழுப்பு.

நூல் பிடித்ததுபோல் இருந்தது ஐயா கோடு! நூல் பிடித்ததுபோல்!

மெக்கானிக் குனிந்து கோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன மாஸ்டர் இது?"

அவர் தன் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கு அப்போ ஆறு வயசு. எங்கப்பா இந்தக் கையை நாற்காலியோட சேத்துக் கட்டிட்டுத்தான் எழுத வெப்பாரு. நாப்பத்தஞ்சு வருசம் ஆச்சு. மறந்து போயிருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

பிறகு அவளிடம் திரும்பினார். "உன் கத்தரிக்கோலக் குடும்மா." இடது கையில் பிடித்துத் துணியில் ஓட்டினார். அவர் கையிலும் அது மென்றது! இடது கையால் அழுத்தினால் அதன் அலகுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. மேல் அலகு கோட்டையே மறைத்துவிடுகிறது. இத்தனை ஆண்டு துணியோடு வாழ்ந்த எங்களில் ஒருவருக்காவது இது தெரியுமா? தெரியாது! ஏன்? நாங்கள் கேட்கவில்லை. எங்கள் கைக்கு அது சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்று மாலை மாஸ்டர் கடை கடையாக ஏறி இறங்கினார். மூன்று கடைகளில் கையை விரித்தார்கள். நான்காவது கடையில், தூசி படிந்த பெட்டிக்குள், அலகு மாற்றி அமைத்த இடக்கைக் கத்தரிக்கோல் ஒன்று கிடைத்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை. சட்டைக்கைக்கான துணியை வெட்ட ஆரம்பித்தாள். பாதியில் நின்றுவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று பேக்கிங்கிலிருந்து நான் ஓடினேன். கத்தரிக்கோல் துணியில் இருக்கிறது, கண் நிறைந்து வழிகிறது.

"என்னாச்சும்மா?"

"அண்ணி... கோடு தெரியுது."

அவ்வளவுதான் சொன்னாள். இருபத்தெட்டு வயது வரை தான் வெட்டும் கோட்டைக் கண்ணால் பார்க்காமலே வெட்டியிருக்கிறாள்! மதிய மணி அடிப்பதற்குள் பன்னிரண்டு துண்டுகள். மாஸ்டர் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். ஒரு நூல் பிசகவில்லை. "திங்கக்கெழம சீக்கிரம் வந்துடும்மா, வேலை நெறைய இருக்கு" என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். என்ன சொன்னாள் தெரியுமா? "போங்க அண்ணி, நீங்க கத்தலேன்னா எனக்குன்னு ஒரு நாள் இருக்குறதே எனக்குத் தெரிஞ்சிருக்காது!" அதோ, அந்தப் பிரிவுக்கே இன்று பொறுப்பாளராக, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பாருங்கள்!

அடுத்த வாரத்தில் ஒவ்வொருவராக வந்தார்கள் மாஸ்டரிடம். "சார், நானும்..." "மாஸ்டர், எனக்கும் சின்ன வயசுல..." பதினோரு பேர்! எங்கள் கூடவே உண்டு, எங்கள் கூடவே உழைத்து, தங்கள் கையைத் தாங்களே ஒளித்து வைத்திருந்த பதினோரு பேர்!

அன்பர்களே! இடக்கு, இடறல், இடைஞ்சல் என்று அடுக்குகிறோமே, நம் தமிழை ஒரு கணம் உற்றுக் கேளுங்கள். இடம் என்றால் என்ன? இடப்பக்கம்! இடம் என்றால் வேறு என்ன? ஒருவர் உட்காரவும் நிற்கவும் வாழவும் உள்ள இடம்! ஒரே சொல்! இந்த நாள் எதற்கு என்று கேட்டீர்களே ஐயா, இதற்குத்தான்! பரிசு வேண்டாம், பாராட்டு வேண்டாம், பரிதாபம் வேண்டவே வேண்டாம். இடம் கொடுங்கள்! மேசையில் இடம் கொடுங்கள், பள்ளியில் இடம் கொடுங்கள், மனசில் இடம் கொடுங்கள்!

மூன்றாம் வரிசையில் இருக்கும் அம்மா, கோபிக்காதீர்கள். உங்கள் மகள் அழைப்பிதழின் பின்பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருக்கிறாள். பென்சிலை இடது கையிலிருந்து வலது கைக்கு இரண்டு முறை மாற்றி வைத்தீர்கள். மேடையிலிருந்து எல்லாம் தெரியும் அம்மா. நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நானும் சொன்னவள்தானே, "பழகேன்" என்று.

அட! திருப்பிக் கொடுத்துவிட்டார்களே! அந்தக் கையிலேயே கொடுத்துவிட்டார்களே! தட்டுங்கள் ஐயா, கையைத் தட்டுங்கள்! குட்டி, நீ நிமிர வேண்டாம் கண்ணு. நீ பாட்டுக்கு வரை.

இவ்வளவு நேரம் காதையும் மனதையும் கடன் கொடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. அவள் படம் முடியும் வரை சத்தம் போடாமல் கலைந்து செல்லுங்கள். வணக்கம்!