சிராங்கூன் ரோட்டுச் செவலை

மருதப்பன்: நான் எங்க தம்பி கத்துறேன்?

ஜலாலுதீன்: கத்தலையா! "ட்ர்ர்ரா... ஹேய்... செவலே!"ன்னு நீங்க விடுற சத்தத்துல இந்த மின்சார டிராமே மாட்டு வண்டியாயிடுதுண்ணே!

மருதப்பன்: ஒரு வார்த்த கூப்பிட்டா... அது கத்துறதா?

ஜலாலுதீன்: வெள்ளக்காரம்மா ஒருத்தி ஆபீசுக்கு எழுதிப் போட்டுட்டா. "டிரைவர் மாட்டப் பாத்துக் கூவுறான்"னு. இன்ஸ்பெக்டர் தொரை பின்னால உக்காந்திருக்காரு. இன்னிக்கு வாயத் தொறந்தீங்க... நாளைக்கு உங்களுக்கு வேல இல்ல.

மருதப்பன்: நீ கண்டக்டர்தானே? போய் டிக்கெட்டக் கிழி.

ஜலாலுதீன்: கிழிச்சாச்சு. கூப்பிட மாட்டேன்னு சொல்லுங்க, போறேன்.

மருதப்பன்: ஏழு வருஷம் என் மாட்டு வண்டிய இழுத்தவன்டா செவல. தஞ்சோங் பகார் கப்பல்துறையிலேருந்து அரிசி மூட்டை... மழையோ வெயிலோ. இந்த வேலைக்கு வந்தப்பத்தான் ஹமீது பாய்கிட்ட வித்தேன்.

ஜலாலுதீன்: தெரியும்ணே...

மருதப்பன்: ஒரு நாளைக்கு ஆறு தடவ பாயோட மாட்டுக் கொட்டகையத் தாண்டுறோம். கூப்பிட்டா தலையத் தூக்கிப் பாக்குறான். காலு கடுக்க நின்னு டிராம் ஓட்டுறவனுக்கு வேற என்னடா சொகம்?

ஜலாலுதீன்: டீ இருக்கு. வெத்தல இருக்கு. அண்ணி கட்டிக் குடுத்த சோறு...

மருதப்பன்: உங்க அண்ணி கதையக் கேளு. அவள மாட்டு வண்டியில ஏத்திக்கிட்டு டேங்க் ரோடு கோயிலுக்குப் போறேன். கள்ளுக்கட வாசல் வந்துச்சா... செவல டக்குனு நின்னுட்டான். தட்டுறேன், அதட்டுறேன்... ம்ஹூம்.

ஜலாலுதீன்: அய்யய்யோ... அண்ணி?

மருதப்பன்: "மாட்டுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சே"ன்னா. மூணு நாளு சோறு இல்ல.

ஜலாலுதீன்: பாவம், மாட்டுக்கா?

மருதப்பன்: எனக்குடா! அவனுக்கு அவளே புண்ணாக்கு கரைச்சு வச்சா.

ஜலாலுதீன்: ஹா ஹா... சிரிக்க வைக்காதீங்கண்ணே, தொரை பாக்குறாரு. வளைவு வந்திருச்சு... வாயி!

மருதப்பன்: மூடிக்கிட்டேன்.

ஜலாலுதீன்: பாத்துக்கிட்டே போயிருங்க.

மருதப்பன்: நிக்கிறான் பாரு... தலையக் குனிஞ்சு தின்னுகிட்டு...

ஜலாலுதீன்: ம்...

மருதப்பன்: நிமிரவே இல்லடா... தாண்டப் போறோம்... சரி விடு. போகட்டும்.

ஜலாலுதீன்: ட்ர்ர்ரா... ஹேய்... செவலே!

மருதப்பன்: அடப்பாவி!

ஜலாலுதீன்: ஒண்ணுமில்ல தொரை! லெம்பு, துவான், லெம்பு! மாடு குறுக்க வரப் பாத்துச்சு... ஆமா துவான், நான்தான் கத்துனேன். டிரைவர் வாயே தொறக்கல... சரி துவான்... சரி துவான்...

மருதப்பன்: என்னடா சொல்றாரு?

ஜலாலுதீன்: இன்னொரு வாட்டி கத்துனா என்னய வீட்டுக்கு அனுப்பிருவாராம்.

மருதப்பன்: உனக்கு எதுக்குடா இந்த வம்பு?

ஜலாலுதீன்: உங்க மூஞ்சிய நீங்க பாக்கல. நான் பாத்தேன்.

மருதப்பன்: ...ஏன் தம்பி, நீ கூப்பிட்டதும் அவன் வேலி வரைக்கும் ஓடியே வந்துட்டானே?

ஜலாலுதீன்: மாடுன்னா சத்தத்துக்கு வரும்லா.

மருதப்பன்: நான் கூப்பிட்டா நிமிந்து பாக்குறதோட சரி. உன் கொரலுக்கு நாக்க நீட்டிக்கிட்டு வருது.

ஜலாலுதீன்: அண்ணே... பிடியிலேருந்து கைய மட்டும் எடுத்துராதீங்க, வண்டி ஓடுது. சொல்லிடுறேன். ஆடி மாசம் நீங்க காய்ச்சல்ல கெடந்தீங்கள்ல... அப்பவே செவல போயிட்டான். வயித்து வீக்கம். ஒரே ராத்திரி. உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. ஹமீது பாய்கிட்ட அதே நெறத்துல இன்னொண்ணு நின்னுச்சு... அத அந்த எடத்துல விடச் சொன்னேன். திட்டுங்கண்ணே... ரெண்டு அறை வேணாலும் விடுங்க.

மருதப்பன்: வளத்தவனுக்குத் தெரியாதாடா? வேலைக்குத் திரும்பி வந்த மொத நாளே தெரியும். என் செவலைக்கு எடது காது கிழிஞ்சிருக்கும், இவனுக்கு இல்ல. மறுநாள் விடிஞ்சதும் ஹமீது பாயக் கேக்கலாம்னு கொட்டகைக்குப் போனேன். அங்க நீ புல்லுக்கட்டோட நின்னு, என் கொரல் மாதிரியே கொரல மாத்திக்கிட்டு, "செவலே, செவலே"ன்னு அந்த மாட்டுக்குப் பேரு பழக்கிக்கிட்டிருந்தே... வேலிக்குப் பின்னால நின்னு அழுதேன்டா. அப்புறம் சத்தமில்லாமத் திரும்பிட்டேன். அன்னியிலேருந்துதான் இன்னும் சத்தமாக் கூப்பிடுறேன்... நீ பட்ட பாடு வீணாப் போகக் கூடாதுன்னு.