கம்பளத்தில் இன்னொரு நாய்

யட்டியாந்தோட்டை பஸ்ஸில் முன் சீட்டில் ராணியும் செல்வியும் பேசியதிலிருந்து நான் அறிந்தது:

1. தோட்டத்துப் பங்களா நாய் டைகர், வரவேற்பறைக் கம்பளத்தின் ஒரு மூலையில் காலைத் தூக்கியது.
2. பங்களாவில் சமைக்கும் ராணி, ரப்பர் ஸ்டோரில் வேலை செய்யும் செல்வியிடம், ரப்பர் பால் உறையாமலிருக்க ஊற்றும் அமோனியாவில் கொஞ்சம் வாங்கி அந்த மூலையைக் கழுவினார்.
3. அதன்பிறகு டைகர் தினமும் மூன்று முறை அங்கே காலைத் தூக்கியது.

"சனிக்கிழம தொரசாணி வர்றாங்க. நாத்தம் இன்னும் இருந்தா டைகர யாருக்காவது குடுத்துருவாங்களாம்," என்றார் ராணி.

"அமோனியாவுக்குப் போகாத நாத்தமா அக்கா?"

"அதுவே மூத்திர நாத்தம்தானேடி! நாய் டொக்டர் சொல்லித்தான் தெரியும். வேற எவனோ வந்து போயிருக்கான்னு நெனச்சு, இவன் அவனுக்குப் பதில் போடுறானாம்."

"ஐயோ, அப்ப இல்லாத நாயோட நான்தான் சண்ட மூட்டி விட்டேனா?"

"இல்லாத நாயா? நீதானே போத்தல்ல ஊத்திக் குடுத்த!"

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப என்ன செய்யப் போறீங்க அக்கா?" என்றார் செல்வி.

"வினாகிரில தண்ணி கலந்து கழுவி, நல்லா காயவெச்சு, அந்த மூலையிலேயே அவனுக்குச் சோறு வைக்கணுமாம். திங்கிற எடத்துல காலத் தூக்க மாட்டானாம்."

"அப்ப கம்பளத்துல சோறு கொட்டுமே?"

"கொட்டட்டும். சோத்துக்கு யாரும் நாய வெரட்ட மாட்டாங்க."

ராணியின் மடியில் இரண்டு வினாகிரிப் போத்தல்கள் இருந்தன. இன்று வியாழக்கிழமை. டைகர் இன்னும் பங்களாவில்தான் இருக்கிறது.