லெந்துக் கீரையும் வால்வுச் சத்தமும்

“வண்டி நின்னா சொல்லுங்க மிஸ். என் வால்வு சத்தத்தைக் கேக்கணும்.”

தாம்பரத்தில் நான் ஏறிய மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில், எனக்கு எதிரே இரண்டு டீச்சர்கள். ஜன்னலோரம் இருந்தவர்தான் இப்படிச் சொன்னார். அவர் இதயத்தில் செயற்கை வால்வாம்.

“இன்னுமா பயம்?” என்றார் தோழி.

“பயம் இல்ல, செக்கிங். ஈஸ்டருக்கு முன்னாடி நாப்பது நாள் லெந்து உபவாசத்துல கறி மீன் விட்டுட்டு தினமும் கீரையா சாப்பிட்டேன்ல? ரத்தம் உறையாம இருக்கப் போடற மாத்திரை அதுல வேலை செய்யாம போச்சு. வால்வுல ரத்தக்கட்டி. வீட்டு ஜெபத்துல எல்லாரும் அமைதியா இருக்கும்போது, ‘உன் டிக் டிக் எங்கே?’ன்னு எங்க வீட்டுக்காரர்தான் கேட்டார்.”

“மறுபடி நெஞ்சைத் திறந்தாங்களா?”

“இல்ல மிஸ். கட்டியைக் கரைக்கிற மருந்தை ட்ரிப்ஸ்ல மெதுவா, ஒரு நாள் முழுக்க ஏத்தினாங்க. ஒரு துண்டு பிச்சுக்கிட்டு மூளைக்குப் போனாலும் போகும்னாங்க. தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்.”

“அப்போ அடுத்த லெந்து?”

“கண்டிப்பா இருப்பேன். டாக்டர்கிட்ட கேட்டு, ரத்த டெஸ்ட் எடுத்துக்கிட்டே இருப்பேன்.”

ஊரப்பாக்கத்துக்கு முன்னால் சிக்னலுக்காக வண்டி நின்றது. பெட்டி முழுக்கப் பேச்சும் போன் பாட்டும். ஜன்னலோரத்தவர் தலையைக் குனிந்து கேட்டுப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

தோழி எழுந்து நின்றார்.

“சைலன்ஸ்!”

பூ விற்ற அம்மா உட்பட மொத்தப் பெட்டியும் வாயை மூடியது. எதிர் சீட்டில் இருந்த எனக்கே கேட்டது: டிக், டிக், டிக்.

“ம், இனி பேசிக்கலாம்,” என்றார் ஜன்னலோரத்தவர், பெட்டியைப் பார்த்து.