நல்லா இருக்கேன் மதினி

நடுவர் அவர்களே... எதிரணியில பேசின அக்கா என்ன சொன்னாங்க? "மனசுல உள்ளதையெல்லாம் கொட்டிட்டா சம்பந்தம் நிலைக்குமா? ஒரு வார்த்தைய முழுங்கிட்டுப் போங்கய்யா"ன்னாங்க. நீங்க கை தட்டினீங்க. நானும் தட்டினேன், பேச்சு அப்படி. ஆனா தட்டுறப்பவே எனக்கு ஒச்சம்மா ஞாபகம் வந்துருச்சு. எங்க பக்கத்து வீடு. அவங்க கதை ஒண்ணு இருக்கு, சின்னதுதான். அத மட்டும் சொல்லிட்டு உக்காந்துர்றேன்... கேக்குறீங்களா?

ஒச்சம்மா மகன் ஜீப் ஓட்டுறவன். அவனுக்குப் பொண்ணு குடுத்தவங்க அடுத்த தெரு பஞ்சவர்ணம். அந்தம்மா தெனம் ஜீப்புல மலையேறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போறவங்க. ஒரு நாள் நல்ல இடிமழை. மறுநாள் தோட்டத்துல பாத்தா, மரத்தடியில வெள்ள வெளேர்னு காளான். மடி நெறையப் பறிச்சிட்டு வந்து, மஞ்சத்தூள் போட்டுக் கொதிக்க வச்சாங்க. விஷக் காளான்னா மஞ்சள் நெறம் மாறும்னு ஒரு நம்பிக்கை. மாறல. அப்ப நல்ல காளான்தானே? அப்படித்தான் நெனச்சாங்க. நம்மள்ல எத்தன பேரு இன்னும் அப்படி நெனைக்கிறோம்?

சரி, கொழம்பு ஆச்சு. சம்பந்தி வீட்டுக்குக் குடுக்காம திங்கலாமா? தூக்குவாளி நெறைய ஊத்தி எடுத்துட்டுப் போனாங்க. அவங்களுக்குன்னு மிஞ்சினது ஒரு கரண்டி.

அங்க பஞ்சவர்ணத்தோட மக, ஒச்சம்மா மருமக சுகன்யா மாசமா இருக்கா. மசக்கை. காளான் வாடை பட்டதும் எந்திரிச்சு வெளிய ஓடிட்டா. மகன் ஜீப்ப எடுத்துட்டு வாடகைக்குப் போயிருந்தான். ஒச்சம்மா தனியா உக்காந்து, சுடுசோறு போட்டு, வாளியச் சாச்சு வழிச்சுச் சாப்பிட்டாங்க.

விடியக்காலையில... ரெண்டு வீட்லயும் வாந்தி. ரெண்டு வீட்லயும் பேதி.

பஞ்சவர்ணத்துக்குக் காளான் மேல சந்தேகம் வந்துருச்சு. போன் போட்டாங்க. என்ன கேக்கணும்? "மதினி, காளான் ஒத்துக்கல, எனக்குப் போகுது, ஒங்களுக்கு?" இவ்வளவுதானே? வாய் வரல. நாளைக்கு யாராச்சும், 'ஒங்காத்தா விஷத்த வாளியில குடுத்தவதானே'ன்னு மகளச் சொல்லிக் காமிச்சா? அதனால எப்படிக் கேட்டாங்க தெரியுமா? தலையில துண்டக் கட்டிக்கிட்டு, படியில சுருண்டு கெடந்துக்கிட்டு...

"என்ன மதினி... நல்லா இருக்கீங்களா?"

அந்தப் பக்கம் ஒச்சம்மா, கக்கூஸ் செவத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

"நல்லா இருக்கேன் மதினி. ஒங்களுக்கு?"

"எனக்கென்ன மதினி... நல்லா இருக்கேன். கொழம்பு எப்படி?"

"அமிர்தம் மதினி. ஒங்க கை யாருக்கு வரும்?"

சிரிக்கிறீங்க. சிரிப்பு வரும்தான். ரெண்டு பேரும் எவ்வளவு நல்லவங்கன்னு பாருங்க... அதுதான் எனக்குத் தாங்கல.

ஒச்சம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. டாக்டர், "என்னம்மா சாப்ட்டீங்க?"ன்னாரு. பக்கத்துல மருமக நிக்கிறா, வயித்தத் தாங்கிக்கிட்டு. காளான்னு சொன்னா புள்ளத்தாச்சி மொகம் செத்துப் போகுமே. "பஸ் ஸ்டாண்டுல வடை தின்னேன் சார்." அவரும் என்ன செய்வாரு? வடைக்கு உள்ள வைத்தியத்தப் பாத்து, குளுக்கோஸ் ஏத்தி அனுப்பிட்டாரு.

மறுநாள் வாந்தி நின்னுருச்சு. ஒச்சம்மா எந்திரிச்சு நடமாடுறாங்க. வாளியக் கழுவினாங்க. சம்பந்தி வீட்டு வாளிய வெறுசாத் திருப்பலாமா? முறுக்கு சுட்டு நெறச்சுக் குடுத்துவிட்டாங்க. அதப் பாத்துட்டு பஞ்சவர்ணமும், அப்பாடா, ஒண்ணுமில்லன்னு நிம்மதியாயிட்டாங்க.

ஆனா அந்த விஷம் போகலய்யா. வெளிய அடங்கின மாதிரி காட்டிட்டு, உள்ள ஈரலத் தின்னுக்கிட்டு இருந்திருக்கு. அதுக்கடுத்த நாள் ஒச்சம்மாவுக்குக் கண்ணு மஞ்சளாப் போச்சு. பேச்சு கொழறுது. மதுரைக்குத் தூக்கிட்டு ஓடினோம். அங்க உள்ள டாக்டர் கண்ணப் பாத்ததும் கேட்ட மொதக் கேள்வி, "காளான் ஏதாச்சும் சாப்ட்டாங்களா?"

சுகன்யா, "எங்கம்மா குடுத்தாங்க சார்"னா.

அவரு யாரையும் திட்டல. "மொத நாளே சொல்லியிருந்தா, செய்யறதுக்குக் கொஞ்சம் இருந்துச்சும்மா"ன்னாரு.

பஞ்சவர்ணம் ஓடி வந்தாங்க. கட்டில் கம்பியப் புடிச்சுக்கிட்டு, "மதினி, அன்னைக்கிப் போன் பண்ணப்ப எனக்கும் வாந்திதான் மதினி"ன்னாங்க. ஒச்சம்மா கண்ணத் தொறந்து பாத்தாங்க.

"எனக்கும்தான்..."

அவ்வளவுதான் பேசினாங்க. பேரப்புள்ளையப் பாக்காமலே போயிட்டாங்க. ஒரு கரண்டி தின்ன பஞ்சவர்ணம் பொழச்சுக்கிட்டாங்க. அந்த முறுக்கு அப்படியே வாளியில இருந்துச்சு, யாரும் தொடல.

அக்கா, நான் ஒங்கள வாயடைக்க இதச் சொல்லல. கல்யாணத்துல சாம்பார்ல உப்பு இல்லையா? முழுங்கிக்கங்க. புடவை பிடிக்கலையா? முழுங்கிக்கங்க. ஆனா ஒடம்புக்குன்னு வந்துட்டா எவன் மொகம் வாடினா என்னங்க? வாடின மொகத்த நாளைக்குச் சமாதானம் பண்ணலாம். காட்டுக் காளான மஞ்சளப் போட்டும் கண்டுபிடிக்க முடியாது, வெள்ளிக் காசப் போட்டும் கண்டுபிடிக்க முடியாது. தெரியாததப் பறிக்காதீங்க. தின்னுட்டா, வாந்தி நின்னாலும் நம்பாதீங்க, ஓடுங்க. டாக்டர் கேட்டா உள்ளதச் சொல்லுங்க. குடுத்தவங்ககிட்டயும் சொல்லுங்க, வாங்கினவங்ககிட்டயும் சொல்லுங்க... இதுல என்னங்க மானக்கேடு?

பஞ்சவர்ணத்த இப்பவும் தெருவுல பாப்பேன். வழக்கமாக் கேக்குற மாதிரி, "நல்லா இருக்கீங்களா?"ன்னு கேட்டா, நின்னு, மொகத்தப் பாத்து, "இல்லப்பா"ங்குறாங்க.

அந்த ஒரு 'இல்ல'... அன்னைக்கி அந்தப் போன்ல, ரெண்டு பேருல யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம்ல?