ஆதாரம்: லாசரஸ், தோ பாயோ

தேநீர் நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். ஜாலான் புசாரில் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்குக் கீழே விற்பதைக் குடித்தால் உங்களுக்கே புரியும்.

நான் அப்துல் கையூம். வாரப் பத்திரிகையில் 'கையூம் பதில்கள்' எழுதுகிறவன். இந்தப் பாட்டைப் பாடியது யார், அந்தப் படம் எந்த ஆண்டு என்று வாசகர்கள் தபால் அட்டையில் கேட்பார்கள். தெரிந்துகொண்டு என்ன கிழிக்கப்போகிறார்களோ. எழுபத்திரண்டில் தொடங்கிப் பதினோரு வருடம் பதில் சொன்னேன். சிராங்கூன் சாலையில் என்னை நிறுத்திக் கை குலுக்குவார்கள்.

பதில்கள் லாசரஸுடையவை. செம்பவாங் கப்பல் பட்டறையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தியேட்டரில் விற்கும் பாட்டுப் புத்தகங்களை நாற்பது வருடமாகச் சேர்த்ததுதான் அவர் சாதனை. சனிக்கிழமைதோறும் தோ பாயோவில் அவர் வீட்டுக்கு அட்டைகளைக் கொண்டுபோவேன். ஒவ்வொரு பதிலின் அடியிலும் எந்தப் பாட்டுப் புத்தகம், எத்தனையாம் பக்கம் என்று ஆதாரம் எழுதுவார். கடைசியில் தன் பெயர். அந்த அடிவரிகளைக் கத்தரியால் வெட்டிவிட்டுத்தான் அச்சுக்கோப்பவரிடம் கொடுப்பேன். பத்திரிகையில் இடமில்லை என்று அவரிடம் சொன்னேன். பதினோரு வருடம் நம்பினார். அப்பேர்ப்பட்ட அறிவாளி.

போன சனிக்கிழமை அவர் மனைவி உர்சுலா மாலைப் பூசைக்குப் போயிருந்தார்.

"காசு வேணாம் பாய். ஒரே ஒரு லைன், என் பேரு போடுங்க லா. முடியாதுன்னா மண்டே நானே எடிட்டரைப் பாத்துக்கறேன்" என்றார். எல்லாப் பதில்களுக்கும் கார்பன் நகல் வைத்திருந்தார். எனக்கு அது அன்றுதான் தெரியும்.

பேசும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அலமாரில மாத்திரை இருக்கு... எடுத்துத் தாங்க."

எடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எதிரே உட்கார்ந்து, அந்த வாரத்துக்கு அவர் எழுதி முடித்திருந்த பதில்களைப் படித்தேன். ஒன்றில் ஆண்டு தவறோ என்று பட்டது. கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

நகல்களை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழக்கம்போல அடிவரிகளை வெட்டித் திங்களன்று கொடுத்தேன்.

டாக்டர் மாரடைப்பு என்று எழுதிவிட்டார். ஆண்டவர் சித்தம் என்கிறார் உர்சுலா. இரண்டும் தவறான பதில். இந்த ஊருக்கே சரியான பதில் சொன்னவன் நான், எப்படிப் பொறுத்துக்கொள்வேன்? இது ஒன்றுதான் முழுக்க என் கைவேலை.

இதோ மாத்திரைப் புட்டி. எழுதிக்கொள்ளுங்கள். அடியில் என் பெயரை முழுதாகப் போடுங்கள். இடமில்லை என்று வெட்டிவிடாதீர்கள்.