மிதிச்சா நிமிரணும்

இல்ல மக்கா, அந்தப் பிளாஸ்டிக் புல்லுத் துண்டை எடுத்து ஓரமா வையி. பாக்க கொள்ளாம், தடவுனா மெத்துன்னுதான் இருக்கு, நான் இல்லேங்கல. ஆனா மிதிச்சுப் பாத்தேன் இல்லியா? காலை எடுத்த பெறவும் சாஞ்சே கெடக்கு பாரு. சவம், தடம் போவ மாட்டேங்கு. எனக்கு மிதிச்சா நிமிரணும்.

பிரஷ் போட்டு வாருனா நிமிந்துருமா? ஆரு வாருவா, நானா? சக்கரை கூடி வலது கால்ல ரெண்டு விரலை எடுத்துப் போட்டாவ. இந்தக் கட்டோட நொண்டி நொண்டி நிக்கதே பெரும்பாடு. அந்தக் கம்பை இப்பிடி எடு. ஆ, சரி.

இனி அந்த நைலான் துண்டைப் போடு. ம்... பாத்தியா, டக்குன்னு நிமிந்துட்டு! இதுல்லா புல்லு. அடியில பழுப்பா சுருட்டை சுருட்டையா நூல் இருக்கே, அதுதான் தாங்கிப் பிடிக்கா? ஓ. வெறுங்காலோட நடந்தா குத்தும்னு நீயே சொல்லுத. யாவாரத்துக்கு ஆவாத பய நீ. பேரு என்ன சொன்னே, முருகதாஸா? தக்கலையில கடை வச்சிட்டு இப்பிடி உள்ளதைச் சொன்னா எப்பிடிப் பிழைப்பே?

நாளைக்குன்னு சொல்லாதே, இன்னிக்கே போட்டுரணும். எனக்க வீட்டுக்காரி ஞானபாய் கருங்கல்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா, நாளைக்கு வந்துருவா. அதுக்குள்ள இந்த முற்றத்துல ஒரு பச்சைப் புல்லு மிச்சம் இருக்கப்பிடாது. அவகிட்ட கேக்கல. கேட்டா விடுவாளா? வந்து என்னைக் கொல்லத்தான் போறா. கொல்லட்டு.

நல்ல புல்லை என்னத்துக்குப் பறிக்கணும்னா? நீ விக்க வந்தியா, என்னைத் தடுக்க வந்தியா? வா, இப்பிடிப் படியில இரி. சொல்லுதேன்.

தெக்கு மூலையில வெள்ளை அடிச்சு நிக்கே, அது எங்க குடும்பக் கல்லறை. எனக்க அப்பனும் அம்மையும் கெடக்காவ. பக்கத்துல சாக்கு சுத்தி ஒரு கல்லு சாத்தி வச்சிருக்கு பாரு, அது எனக்க மோன் ஸ்டெனிக்குப் பேரு வெட்டினது. கப்பல்ல வேலை பாத்தான். தவறிக் கடல்ல விழுந்துட்டான்னு கம்பெனிக்காரன் போன் பண்ணினான். எந்தக் கடல்னு கேட்டேன், ஒரு பேரு சொன்னான், எனக்கு வாயில வரல. உடம்பு கிட்டல. போதகர் வந்து ஜெபம் பண்ணினாரு, ஊரே கூடி அழுதுது, ஞானபாய் மட்டும் அழல. உடம்பு இல்லாம என்னத்தை அடக்கம் பண்ணுவீயன்னு கேட்டா. கல்லை நட விடல. கஞ்சித் தண்ணி இறங்கல. எலும்பும் தோலுமா ஆயிட்டா. எனக்குப் பயமாயிட்டு மக்கா. பிள்ளையும் போயி இவளும் போனா நான் ஆருகிட்ட சண்டை போடுவேன்?

அப்பம் ஒருநாள் விடியக்காலம், நல்ல பனி. நான் வெறுங்காலோட போயி கேட்டைத் தொறந்து பேப்பரை எடுத்துட்டு, புல்லுல குறுக்க நடந்து அடுக்களை வழியா உள்ள வந்தேன். ஸ்டெனிப் பயலும் அப்பிடித்தான் வருவான். கல்லு பாவின நடையை மிதிக்கவே மாட்டான். புல்லுல சரிஞ்சு வந்து, அம்மா கஞ்சி ஆச்சான்னு கேட்டுட்டு ஏறுவான். கொஞ்சம் கழிஞ்சு அவ வெளிய வந்தா. பனியில கெடந்த தடத்தைப் பாத்துட்டு நின்னா, நின்னா, அப்பிடி நின்னா. பெறவு எங்கிட்ட வந்து, பய வந்துட்டுப் போயிருக்கான்னு சொன்னா. சொல்லிட்டு இருந்து கஞ்சி குடிச்சா. மீனும் கூட்டி.

நான் என்ன சொல்லட்டு? ஏட்டி, அது எனக்க காலுன்னா? மறுநாளும் அவ எழும்புததுக்கு முன்ன போயி நடந்தேன். பின்ன அதுவே சோலியாப் போச்சு. மழையில நடந்தேன், காய்ச்சல்ல நடந்தேன். கால்ல முள்ளு குத்தி, புண்ணாயி, விரல் போனதும் அப்பிடித்தான். சிரிக்காதே.

ஓகோ, பிடிச்சிட்டியா! இனி நடக்க முடியாது, தடம் காணலேன்னா அவ புல்லைத்தான் ஏசுவா, மோன் வரலேன்னு நினைக்க மாட்டா, அதுக்குத்தான் கிழவன் நிமிருத புல்லு கேக்கான்னு சொல்லுத. நல்ல புத்திதான். அம்புட்டுதான்னா எனக்கு ஒறக்கம் வந்துருக்கும் மக்கா.

விரல் எடுக்க நாரோயில் ஆஸ்பத்திரியில கெடந்தேன் இல்லியா, அவளும் எங்கூடத்தான் இருந்தா. வீடு பூட்டு, கேட்டும் பூட்டு, சாவி எனக்க தலையணைக்கு அடியில. முடிஞ்சு, ஒருநாள் தங்கச்சி வீட்டுல தங்கிட்டு, விடியக்காலம் ஆட்டோவுல வந்து எறங்குதோம். கேட்டைத் தொறந்தா பனியில தடம் கெடக்கு. குறுக்க, நேரே அடுக்களை வாசல் வர. அங்க கொஞ்ச நேரம் நின்னுருக்கு. பெறவு திரும்பிப் போயிருக்கு.

நான் கேட்டுப் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். அவ என்னன்னா, பாவம் பிள்ளை, கதவு பூட்டிக் கெடக்குன்னு போயிட்டான்னு சொல்லி ஒரே அழுகை. அவன் போன செய்தி வந்தப்பம் அழாதவ அன்னிக்கு அழுதா. அதுக்குப் பெறவு அடுக்களைக் கதவை அவ பூட்டுததில்ல. நான் நடக்குததும் இல்ல. தடம் தினமும் கெடக்கு.

அவளே நடக்காளோன்னா? எனக்கும் அந்த சந்தேகம் வந்துது. ஒருநாள் அவ கையைப் பிடிச்சிட்டே விடியுத வரைக்கும் கண்ணு மூடாம கெடந்தேன். கையை விடல. எழும்பிப் போயி பாத்தா கெடக்கு.

எனக்க சொந்தப் பிள்ளை. அவனைப் பயப்படலாமா? ஆனா நான் பொய்யா நடந்த வழியில அவன் நெசமா வந்து நிக்கான், அதைப் பாக்க எனக்குக் கழியாது.

சரி, பேசிட்டே இருந்தா வேலை நடக்காது, ஆளுவளைக் கூப்பிடு. நைலானே போடு, முற்றம் முழுக்க.

நில்லு மக்கா. கேட்டுலேருந்து அடுக்களை வாசல் வர, குறுக்க, ஒரு ஆளு நடக்குத அகலத்துக்கு மட்டும் அந்த மெத்துன்னு உள்ளதைப் போடு. தெரியும், தடம் போவாதுன்னு தெரிஞ்சுதான் சொல்லுதேன். கெடந்துட்டுப் போட்டு. அவன் செருப்பு போடமாட்டான்.